கோவெண்டர் என்றால் கவுண்டரா? நேட்டால் தமிழர் வேர் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பனிலிருந்தோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தோ ஒருவர் எழுதுவார்: "எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். எங்கள் ஊர் எது? எங்கள் சாதி எது?" இங்கே தமிழகத்தில் இருப்பவர் அரை மணி நேரத்தில் பதில் எழுதிவிடுவார்: "கோவெண்டர் என்றால் கவுண்டர். நீங்கள் கொங்கு நாடு. ஈரோடு பக்கம் தேடுங்கள்." இரண்டு தரப்பும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு வரிப் பதிலை நம்பி விமானச் சீட்டு வாங்கி, வேறு யாருடைய ஊருக்கோ போய்க் கண்ணீரோடு நின்று படம் எடுத்துத் திரும்பியவர்கள் உண்டு. பெயர் எழுத்துப்பிழை, தேதி மாறிப்போதல் போன்றவற்றை எல்லோரும் தாமே கண்டுகொள்வார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

முதலில் பின்னணி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கப்பட்டது. அங்கே அதைக் கலோனியல் நம்பர் என்பார்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கிறது.

குடும்பப் பெயரை ரத்த வழியாக எண்ணுவது

இதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு. பணமும் போகும், வருடங்களும் போகும்.

கப்பல் ஏறியவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அவருக்கு ஒரு பெயர், அப்பாவுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். கப்பல் பட்டியலிலும் பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம் என்றுதான் கட்டங்கள் இருக்கும். நேட்டாலின் பதிவேடுகளும் பள்ளிகளும் கடைசிப் பெயர் ஒன்று கேட்டபோதுதான் அது முளைத்தது. சிலர் அப்பா பெயரைக் கொடுத்தார்கள். சிலர் தாத்தா பெயரைக் கொடுத்தார்கள். சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினார்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். பெருமாளின் மகன் முனுசாமி வடஆற்காட்டிலிருந்து போகிறார். அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவர் அப்பா பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார், அவர் பிள்ளைகள் எல்லோரும் "முன்சாமி" ஆகிறார்கள். நடு மகன் பட்டத்தைச் சொல்கிறார், அவர் வழி "கோவெண்டர்" ஆகிறது. கடைசி மகன் தாத்தா பெயரைச் சொல்ல, அவர் வழி "பெருமாள்" ஆகிறது. ஒரே அப்பனுக்குப் பிறந்த மூன்று பேரின் வாரிசுகள் மூன்று குடும்பப் பெயரோடு நடமாடுகிறார்கள். அதே சமயம் நேட்டாலில் "முன்சாமி" என்ற பெயரில் இருக்கும் பல குடும்பங்களுக்கு ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை. முனுசாமி என்ற பெயர் தாங்கிய ஒவ்வொருவரும் ஒரு புதுக் குடும்பப் பெயரைத் தொடங்கி வைத்திருக்க முடியும்.

பட்டப் பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழம். கோவெண்டர் என்பது கவுண்டரின் திரிபு என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சரி, எந்தக் கவுண்டர்? கொங்கு வேளாளருக்கு அந்தப் பட்டம் உண்டு. சேலம், தருமபுரி, வடஆற்காடு பக்கத்து வன்னியருக்கும் உண்டு. குரும்பருக்கும் உண்டு. ஜவ்வாது மலை, கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் உண்டு. வடஆற்காடு நேட்டாலுக்கு ஏராளமான ஆட்களை அனுப்பிய ஜில்லா. அங்கிருந்து போன ஒருவரின் பேரனை ஈரோட்டுக்கு அனுப்பிவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசியுங்கள். மூட்லி என்பது முதலியார் என்றால், தொண்டைமண்டல வேளாளரா, செங்குந்தரா, அகமுடையாரா? நாயக்கர் என்றால் செங்கல்பட்டு வன்னியரா, தெலுங்கு பேசும் நாயக்கரா? பிள்ளை, செட்டி இரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படையாட்சி ஒன்றுதான் கொஞ்சம் தெளிவு. தென்னாற்காட்டு வன்னியரை அது நேராகவே காட்டும். அதையும் ஆவணம் இல்லாமல் நம்பக் கூடாது.

இந்த அடித்தளத்தின் மேல்தான் பலர் மரபணுச் சோதனையை ஏற்றி வைக்கிறார்கள். "குடும்பப் பெயர் அப்பா வழி வருகிறது, ஒய் குரோமோசோமும் அப்பா வழி வருகிறது, ஆகவே ஒய் சோதனை செய்தால் பெயரின் வேர் தெரிந்துவிடும்" என்பது அவர்கள் கணக்கு. பல நூறு ஆண்டுகளாக ஒரே குடும்பப் பெயர் மாறாமல் வந்த ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகப் போடப்பட்ட கணக்கு அது. அங்கேகூட எப்போதும் பொருந்தாது. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிய நம் ஆட்களுக்குப் பொருந்த வழியே இல்லை. தொடர்பில்லாத பத்து கோவெண்டர்கள் சேர்ந்து சில நூறு டாலர் கொடுத்து விரிவான ஒய் சோதனை செய்தால் பத்து விதமான முடிவு வரும். அதைப் பார்த்து "நம் குடும்பத்தில் ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்று பாட்டிகளைச் சந்தேகிக்கிற அளவுக்குப் போகிறது. உண்மையில் அந்தப் பத்துப் பேரும் ஒரே குடும்பமாக இருந்ததே இல்லை.

சோதனை தரும் ஹாப்லோகுரூப்பும், அதாவது ஒரே மூதாதை வழி வந்த மரபணுக் கிளையின் பெயரும், இதற்கு உதவாது. எச், எல், ஆர்1ஏ, ஜே2 என்று எது வந்தாலும் அந்தக் கிளை பல ஆயிரம் ஆண்டுகள் பழையது. குடும்பப் பெயர் நூற்றைம்பது வருடச் சமாச்சாரம். ஆர்1ஏ வந்தால் பிராமண வழி, எச் வந்தால் பூர்வகுடி வழி என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். தமிழகத்தில் இந்தக் கிளைகள் பல சாதிகளிலும் கலந்தே கிடக்கின்றன. ஒரு கிளையை வைத்து ஒரு மனிதனின் சாதியைச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டிய வரிசை இது. வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். பழைய தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சான்று, பாஸ், பழைய பிறப்பு, திருமணச் சான்றுகள் எதிலாவது கலோனியல் நம்பர் இருக்கும். நேட்டாலில் பிறந்தவருடைய சான்றில் பல சமயம் அப்பா, அம்மா இருவரின் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போய், கப்பலில் வந்தவரின் எண்ணைப் பிடியுங்கள். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிறகுதான் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள கப்பல் பட்டியல். எண்ணை வைத்துத் தேடினால் ஒரே ஒரு ஆள்தான் வருவார். பெயரை வைத்துத் தேடினால் முனுசாமிகள் மட்டும் பக்கம் பக்கமாக வருவார்கள்.

ஆளைக் கண்டதும் அங்கேயே நிற்காதீர்கள். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து எண்களைப் படியுங்கள். மனைவி, தம்பி, ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த எண்களில் இருப்பது வழக்கம். ஒரே தாலுகாக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் வந்தால், கட்டத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப் பெயரைப் படிக்க அவர்களுடைய வரிகள் உதவும். வயது இரண்டு மூன்று வருடம் தள்ளியிருந்தால் கவலைப்பட வேண்டாம். பத்து வருடம் தள்ளியிருந்தால் வேறு ஆளாக இருக்கலாம், எண்ணை மறுபடி சரிபாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒய் சோதனைக்கு ஒரு வேலை உண்டு. முன்சாமி குடும்பத்து ஆண் ஒருவர், கோவெண்டர் குடும்பத்து ஆண் ஒருவர், இருவரும் ஆவணப்படி ஒரே எண்ணுக்கு, இடையில் பெண் வராமல், அப்பா வழியாகவே போய்ச் சேர்கிறார்கள் என்றால் இருவரையும் சோதித்துப் பாருங்கள். அதற்கு 37 குறியீட்டுச் சோதனையே போதும். பொருந்தினால் தாளில் உள்ளதற்கு வலு கூடும். பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு தத்தோ, மாற்றாந்தந்தையோ, தவறாகக் கோத்த ஒரு சான்றோ இருக்கிறது. அப்போது தேட வேண்டிய தலைமுறைகள் நாலைந்துதான்.

மரபணுப் பட்டியலில் "இரண்டாம் தலைமுறை உறவு" என்று வந்தால் அப்படியே நம்புவது

எச்சில் எடுத்து அனுப்பும் பொதுச் சோதனைகளில், ஒத்துப்போகும் டிஎன்ஏ துண்டுகளைச் சென்டிமார்கன் என்ற அலகில் அளந்து கூட்டி உறவைக் கணிக்கிறார்கள். பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்குள் சராசரி 866, அதற்கு அடுத்த தலைமுறையில் 229, அதற்கும் அடுத்ததில் 73. ஆனால் இந்தச் சராசரிகள், சொந்தத்தில் கல்யாணம் கட்டாதவர்களை மனதில் வைத்தவை. மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நமக்கு ஒரே ஆள் இரண்டு மூன்று வழியில் உறவு. தூரத்து உறவும் கிட்டத்து உறவாகக் கணக்கு காட்டும். இந்தியச் சமூகங்களில் உள்மணம், அதாவது தம் சாதிக்குள்ளேயே மணப்பது, இறுகி ஏறத்தாழ 70 தலைமுறை ஆனது என்று 2016இல் வந்த ஒரு மரபணு ஆய்வு கணித்தது. அத்தனை காலத்துப் பழைய துண்டுகளும் கூட்டலில் சேர்ந்துவிடும்.

ஆகவே மொத்தத்தைவிட மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். மொத்தம் 90, நீளமான துண்டு 35 என்றால் அண்மைய உறவு இருக்க நல்ல வாய்ப்பு. அதே 90, ஆனால் எல்லாம் எட்டும் பத்துமாகச் சிதறிய துண்டுகள் என்றால், பழைய உள்மணத்தின் மிச்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வீட்டின் மூத்தவரை விட்டுவிட்டு இளையவரைச் சோதிப்பது

கப்பலில் வந்தவரின் டிஎன்ஏ அவர் பேரனிடம் சராசரியாக 25 சதவீதம், கொள்ளுப்பேரனிடம் 12.5, அதற்கடுத்தவரிடம் 6.25. எண்பது வயதுப் பாட்டி இருக்கும்போது இருபது வயதுப் பேத்தியைச் சோதிப்பது வீண். வயதானவருக்கு வாய் உலர்ந்திருந்தால் எச்சில் குழாய் நிரம்பாது, மாதிரி தோற்றுப்போகும். கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் வகைச் சோதனையை வாங்குங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே வெற்றிலை, காபி எதுவும் கூடாது.

"மலபார்" என்று எழுதியிருந்தால் கேரளம் என்று முடிவு கட்டுவது

அந்தக் கால ஆங்கில அதிகாரிகள் தமிழரையே மலபார் என்றார்கள். "ஜென்டூ" என்றால் தெலுங்கர்.

பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டமாகப் படிப்பது

வடஆற்காடு என்றால் வேலூர் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். 1911 வரை சித்தூர், சந்திரகிரி, பலமனேர் தாலுகாக்கள் அதில்தான் இருந்தன. ஊர் ஆந்திரத்தில் இருக்கலாம். மீதியில் பெரும்பகுதி இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. தென்னாற்காட்டின் பெரும்பகுதி கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஆனது. தாலுகாப் பெயரைப் பிடித்த பிறகே ஊரைத் தேடுங்கள். ஆங்கில எழுத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாண்டிவாஷ் என்பது வந்தவாசி என்று கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். புத்தூர், புதுப்பாளையம் போன்ற பெயர்கள் ஒரே தாலுகாவில் இரண்டு மூன்று இருக்கலாம். அத்தனையையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

தாய்வழியை மறப்பது

நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதுதான் கப்பல் விதி. அதனால் பல ஆண்கள் வேறு ஜில்லா, வேறு மொழிப் பெண்களை மணந்தார்கள். தமிழ்க் குடும்பப் பெயர் கொண்ட வீட்டில் தெலுங்கோ போஜ்புரியோ பேசிய பாட்டி இருந்தால் வியக்க எதுவுமில்லை. அவருக்கும் ஒரு கலோனியல் நம்பர் உண்டு. அதையும் தேடுங்கள்.

இன விழுக்காட்டு வரைபடம்

சோதனை நிறுவனம் உங்கள் இனக் கலப்பைச் சதவீதமாகப் போட்டுக் காட்டும் இந்தப் படம் உடன்பிறந்த இருவருக்கே வேறுவேறாக வரும். அதை வைத்து ஊர் தேடாதீர்கள்.

ஊருக்குப் போனதும் குடும்பப் பெயரைக் கேட்பது

"கோவெண்டர் வீடு எது?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அந்தப் பெயர் இந்த ஊரில் பிறக்கவே இல்லை. நிலம் இல்லாமல் கிளம்பியவர்களுக்குப் பட்டா, அடங்கல் எதிலும் பெயர் இருக்காது. கப்பல் பட்டியலில் உள்ள தந்தை பெயரைச் சொல்லுங்கள். அதோடு குலதெய்வத்தைக் கேளுங்கள். நேட்டால் வீடுகளில் மொழி போன பிறகும் எந்த அம்மனுக்கு என்ன படையல், எந்த மாதத்தில், கோழியா கிடாயா, முதல் மொட்டை யாருக்கு என்பது பல குடும்பங்களில் மறக்கவில்லை. புறப்படும் முன்பே அதை அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இங்கே வந்ததும் அந்தக் கோயிலின் பூசாரியையும், அங்கே வரி கொடுக்கும் பங்காளிகள் யார் யார் என்பதையும் விசாரியுங்கள்.