கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் ஒரே ரக்பி அணியில்: பயிற்றுநர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டியிலோ கொழும்பிலோ ஒரு பாடசாலையின் பதினாறு வயதுக்குட்பட்ட அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதிலிருந்தே பந்தோடு வளர்ந்தவனும், உயரமாக இருக்கிறான் என்று போன மாதம் சேர்க்கப்பட்டவனும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால், ஒருவன் சலித்துப்போவான் அல்லது மற்றவன் அடிபடுவான்.

மிக ஆபத்தான தவறு டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தும் பயிற்சியில் நடக்கிறது. நின்ற வரிசைப்படியே சோடி பிரித்துவிடுவார்கள். புதியவன் எதிரே வேகமாக ஓடிவருபவனைக் கண்டதும் கண்ணை மூடித் தலையைக் குனிவான். தலை ஓடுபவனின் உடலுக்கு முன்பக்கம் போய்விடும். மூளை அதிர்ச்சியும் கழுத்துக் காயமும் வரும் வழி அதுதான். எடையும் அனுபவமும் ஒத்தவர்களையே சோடி சேருங்கள். முதலில் இருவரும் முழங்காலில், பிறகு ஓடுபவன் நடந்துவர, பிடிப்பவன் ஒரு முழங்காலில், அதன்பின் நின்றபடி, கடைசியாக ஐந்து மீட்டர் அகலப் பாதையில் மெதுவோட்டம். பக்கவாட்டு டாக்கிளில் தோள் தொடையில் பதிய வேண்டும், கன்னம் பிட்டத்தோடு ஒட்ட வேண்டும், தலை பின்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு தோளாலும் பத்து முறை பிசகில்லாமல் செய்த பிறகே அடுத்த படி. பழக்கமில்லாத தோளில்தான் தலை தவறான பக்கம் போகும். மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே வெளியே எடுங்கள்; அன்றைக்கு அவன் திரும்ப இறங்கக் கூடாது.

பருமனான புதியவனை நேரே ப்ராப் (இரு அணியின் முன்னாட்டக்காரர்களும் பிணைந்து ஒருவரையொருவர் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசை ஓரத்தில் நிற்பவன்) ஆக்குவதும் இதே வகைத் தவறு. முன்வரிசைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவர் போதாவிட்டால் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம் ஆடச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

பலவீனமானவனை விங்கில், அதாவது ஆடுகளத்தின் ஓரத்தில், ஒளித்துவைப்பது பழைய வழக்கம். அங்கே ஒளிய இடமே இல்லை. எதிரணி உயர உதைக்கும் பந்து அவன் தலைக்கு மேல்தான் வரும். திறந்த வெளியில் வேகமான ஒருவனை அவன் தனியே மறிக்க வேண்டியிருக்கும். ஆட்டம் ஓடும்போது தடுப்பு வரிசையில் அவனை இரண்டு நல்ல டாக்கிளர்களுக்கு நடுவில் நிறுத்துங்கள். அவர்களில் ஒருவன் வாய் ஓயாமல் பேசி வழிநடத்துபவனாக இருக்கட்டும்.

இருபது பேர் வரிசையில் நிற்க ஒரே பந்து என்பது நேர விரயம். அதற்குப் பதில் சிறு ஆட்டங்களாகப் பிரியுங்கள்: நான்கு பேருக்கு எதிராக மூன்று பேர், இருபதுக்குப் பதினைந்து மீட்டர் ஆடுகளம், ஆட்டத்துக்கு ஒரு பந்து. திறமையாளனுக்கு மட்டும் விதியை இறுக்குங்கள்: பந்து கைக்கு வந்து இரண்டு விநாடிக்குள் பாஸ், அதுவும் பழக்கமில்லாத பக்கம். புதியவன் பந்தோடு நான்கு காலடி ஓடட்டும். ஆட்டம் ஒன்றே, சுமை வேறு. திறமையாளர்களைப் பருவம் முழுக்கத் தனிக் குழுவாகப் பிரித்துவைத்தால் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒருவர் பாஸ் மற்றவருக்குப் புரியாது. தொண்ணூறு நிமிடப் பயிற்சியில் இருபத்தைந்து நிமிடப் பிரிவு போதும்.

போட்டியில் கடைசி ஐந்து நிமிடம், தோல்வி உறுதியான பிறகு இறக்குவதால் புதியவன் எதையும் கற்பதில்லை, உடலும் ஆறிப்போயிருக்கும். யார் எப்போது இறங்குவார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவையுங்கள். இரண்டாம் பாதித் தொடக்கம் நல்ல நேரம், ஏனென்றால் இடைவேளையில் அவன் உடலைச் சூடாக்கிக்கொள்ளலாம். இறங்கும்போது ஒரே ஒரு வேலை சொல்லுங்கள் (ரக் என்பது தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் நின்றபடி தள்ளிக்கொள்வது): "ஒவ்வொரு ரக்கிலும் உள்பக்கத்து ஆளைப் பார்த்து வரிசையில் நில்."