ஹிட் பாயிண்டைக் கூட்டினால் சண்டை கடினமாகிவிடுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில் கதையையும் எதிரிகளையும் நடத்துபவர் கேம் மாஸ்டர். அவர்கள் நாலு பேர் கூடினால் கேட்கும் புலம்பல் ஒன்றுதான்: “எந்தப் பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஆட்டக்காரர்கள் மூன்றே சுற்றில் அடித்துத் துவைத்துவிடுகிறார்கள்.” அதற்கு அவர்கள் கைவசம் வைத்திருக்கும் மருந்தும் ஒன்றுதான். அடுத்த வாரம் பூதத்தின் ஹிட் பாயிண்டை, அதாவது எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்ணை, இரட்டிப்பாக்கிவிடுவார்கள். மேசையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த மருந்திலிருந்துதான் கிளைக்கிறது.

ஹிட் பாயிண்டைக் கூட்டினால் சண்டை நீளும், அவ்வளவுதான். மூன்றாவது சுற்றில் என்ன செய்தார்களோ அதையே ஆறாவது சுற்றிலும் செய்வார்கள். வாள்வீரன் நின்ற இடத்திலேயே நின்று வெட்டுவான். வில்லாளி நின்ற இடத்திலேயே நின்று எய்வாள். முறை வராதவர்கள் வர்க்கியை டீயில் தோய்த்தபடி போனைப் பார்ப்பார்கள். “இப்போது எதைச் செய்வது, எதைக் கைவிடுவது?” என்று ஆட்டக்காரர் திணறுகிறாரா என்று பாருங்கள். திணறினால் அது கடினமான சண்டை. எதிரியின் தாளில் என்ன எண் எழுதியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

தனியாக நிற்கும் பெரிய பூதம்

எங்கள் மேசை குன்னூரில் இருக்கிறது. ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014ஆம் ஆண்டு வந்த விதிகள். கீழே வரும் கணக்கெல்லாம் அதிலிருந்துதான்.

அந்த விதிநூலில் வரும் ஓகர் என்ற தடி ஏந்திய ராட்சதனை எடுத்துக்கொள்வோம். 59 ஹிட் பாயிண்ட், கவச எண் (அடி படப் பகடையில் எட்ட வேண்டிய எண்) 11, ஓர் அடிக்குச் சராசரி 13 சேதம். மூன்றாம் நிலையில் இருக்கும் நால்வர் முன்னால் இதைத் தனியாக நிறுத்தினால் நூலின் கணக்குப்படியே ‘எளிது’ என்ற வரம்பில்தான் விழும். ஏன்? ஒரு சுற்றில் நால்வருக்கு நாலு முறை. ஓகருக்கு ஒரே முறை. அது தடியைத் தூக்கி இறக்குவதற்குள் நாலு வெட்டு விழுந்துவிடுகிறது.

அதே ஓகரோடு கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் நாலைச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழே ஹிட் பாயிண்ட். எதிரியின் வலுவை அளக்க நூல் தரும் அனுபவப் புள்ளிகள் ஓகருக்கு 450, கோப்ளின்களுக்கு மொத்தம் 200, ஆக 650. ஐந்து எதிரிகள் என்பதால் அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது விதி. 1300. இதே நால்வருக்கு ‘கடினம்’ 900இல் தொடங்குகிறது. ஓகருக்கு ஒரு ஹிட் பாயிண்ட்கூடக் கூட்டவில்லை. ‘எளிது’ இரண்டு படி தாண்டி ‘கடினம்’ ஆகிவிட்டது.

புதியவர்கள் இதன் மறுபக்கத்திலும் வழுக்கி விழுகிறார்கள். முதல் நிலை ஆட்டக்காரர்கள் முன் ஓகரை நிறுத்துவார்கள். எட்டு ஹிட் பாயிண்ட் உள்ள மந்திரவாதி மேல் அந்தத் தடி பட்டால், நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பில் சேதம் 16ஐ, அதாவது அவன் ஹிட் பாயிண்டின் இரு மடங்கை, தொட்டுவிடும். அப்படித் தொட்டால், விழுந்தவன் பிழைக்க உருட்டும் ‘உயிர் காக்கும் பகடை’க்கே இடமில்லை. அந்த இடத்திலேயே சாவு. ஆக, தனிப் பூதம் பெரியவர்களுக்குச் சலிப்பு, சின்னவர்களுக்கு எமன். ஒற்றை எதிரியை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், முதிர்ந்த டிராகனுக்குக் கொடுத்திருப்பதைப் போல மற்றவர்களின் முறைகளுக்கு நடுவே மூன்று கூடுதல் செயல்களைக் கொடுத்துப் பாருங்கள்.

தரையை வெறும் கட்டமாக விடுவது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதிகம் எரிச்சல்படுவதும் இதற்குத்தான். வெள்ளைத் தாளில் சதுரக் கட்டங்கள், நடுவே எதிரி, சுற்றிலும் வீரர்கள். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஆடுவது அநியாயம். ஜன்னலைத் திறந்தால் போர்க்களம் கிடக்கிறது.

தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவாத்து செய்த செடி மனிதனுக்கு இடுப்பளவு. அதன் பின்னால் நிற்கும் வீரனுக்கு அரை மறைப்பு, கவச எண்ணில் இரண்டு கூடும். கோப்ளின் குள்ளம், அதே செடி அதை முழுக்க விழுங்கிவிடும். தன் முறையின் கடைசியில் சும்மாவே ஒளிந்துகொள்ளும் திறமையும் அதற்கு உண்டு. செடிகளுக்குள் புகுந்து போனால் 30 அடி வேகம் 15 ஆகிறது. கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடித் தடத்தில் போனால் குறையாது, ஆனால் எல்லார் கண்ணிலும் படும். ஒரே ஒரு செடி வரிசை. அதற்குள் மூன்று கேள்விகள் வந்துவிட்டன.

இன்னும் நல்ல களம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் மலை ரயில். 1899இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய தடம் இது. எங்கள் கற்பனை உலகத்துக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டோம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே, இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்சட்டம் தொடங்குகிறது. ஏற்றத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. இந்தப் பகுதியில் உச்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிக்கு இது ஆமை வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விதிப்படி ஒரு சுற்று ஆறு விநாடி. ஆறு விநாடியில் அந்த ரயில் ஏறக்குறைய 71 அடி நகர்ந்துவிடும். 30 அடி வேகமுள்ள வீரன் வேறு எதுவும் செய்யாமல் தலைதெறிக்க ஓடினால் 60 அடி. கீழே விழுந்தவனால் ஆமை ரயிலைக்கூடப் பிடிக்க முடியாது. சுற்றுக்கு 11 அடி பின்தங்கிக்கொண்டே போவான்.

இந்த ஒரு எண் தெரிந்தவுடன் மேசை மாறுகிறது. தள்ளிவிடுவது என்ற, யாரும் சீந்தாத செயலுக்குத் திடீரென்று மதிப்பு வந்துவிடுகிறது. சுரங்கம் வந்தால் இருட்டு. நாற்பது மீட்டர் சுரங்கம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு சுற்று. அந்த இரண்டு சுற்றுக்கு விளக்கேற்றுவதில் ஒரு செயலைச் செலவழிப்பதா, இருட்டிலேயே வெட்டுவதா?

எங்கள் மேசையில் கொள்ளையர்கள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கி ஓடப் பார்த்தார்கள். கவசம் அணிந்த வீரன் ரயிலிலிருந்து விழுந்துவிட்டான். அவனை ஆடிய தம்பி தாளை மூடி வைக்கப் போனபோது, எதிரே இருந்தவள் கேட்டாள்: “அண்ணா, பிரேக்மேன் எந்தப் பெட்டியில் நிற்கிறார்?” இந்த ரயிலில் பெட்டிக்கு ஒருவர் உண்டு. ஒரு பெட்டியின் பிரேக்கை இறுக்கினால் வேகம் பாதியாகும் என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னேன். அப்படியானால் விழுந்தவன் சுற்றுக்கு 25 அடி நெருங்கலாம். காட்டுக்குள் காத்திருக்கும் கொள்ளையரின் கூட்டாளிகளும் நெருங்கலாம். அவள் பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டே மற்றவர்களைப் பார்த்தாள். மேசையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஹிட் பாயிண்ட் கூட்டி இதை வாங்க முடியாது.

மூடுபனியை நம்பி ஏமாறுவது

மலை ஊர்க்காரர்களுக்கு இது தனிச் சபலம். சண்டையைக் கடினமாக்க மூடுபனியை இறக்கிவிடுவார்கள். விதியைப் படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பார்க்க முடியாத எதிரியைத் தாக்கினால் உனக்குப் பாதகம். உன்னைப் பார்க்க முடியாத எதிரியைத் தாக்கினால் உனக்குச் சாதகம். இருவரும் பனிக்குள் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பகடை வழக்கம்போலவே உருளும். பனி இறங்கியது, வெட்டுக்குத்தில் எதுவும் மாறவில்லை.

மாறுவது வேறு இடத்தில். விலகி ஓடுபவனைச் சும்மா ஒரு வெட்டு வெட்டும் உரிமை, பார்க்க முடிந்தால்தான் உண்டு. ஆகவே பனிக்குள் யாரும் அஞ்சாமல் பின்வாங்கலாம். தூரத்திலிருந்து சொல்லும் ‘ஹீலிங் வேர்ட்’ மந்திரத்துக்கும் கண்ணில் படும் ஆள் வேண்டும். ஆகவே பூசாரி விழுந்தவன் இருக்கும் இடம்வரை நடந்தே போய்த் தொட வேண்டும். பனியைக் கொண்டுவந்தால் இந்த இரண்டையும் குறிவைத்துக் கொண்டுவாருங்கள். முழுச் சண்டைக்கும் போர்த்தி வைக்காதீர்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, ஒரு சுற்று மறைத்து, அடுத்த சுற்று விலகட்டும். குன்னூரில் பனி அப்படித்தானே நடந்துகொள்கிறது.

எதிரிக்கு வேண்டியது என்ன என்று யோசிக்காமல் விடுவது

கடைசி ஆள் விழும்வரை எல்லாக் கொள்ளையரும் நின்று சாவார்கள் என்றால், மேசையில் கொள்ளையர் இல்லை, பொம்மைகள்தான் இருக்கின்றன. எதிரிக்கு ஒரு குறி இருக்க வேண்டும்: பெட்டி, பிணைக்கைதி, பாலத்தைத் தாண்டுவது. குறி இருந்தால் அதைத் தடுப்பதா, ஆளை அடிப்பதா என்ற குழப்பம் தானாக வரும். விலங்குகளுக்கும் இதே விதி. தோட்டத்துக்குள் வரும் காட்டெருமை இங்கே யாருக்கும் புதிதில்லை. வழிவிட்டு ஒதுங்கினால் அதன் பாட்டுக்குப் போகும், மறித்தால் முட்டும். அதைச் சாகும்வரை சண்டை போடும் பூதமாக ஆட்டுவிக்கும் கேம் மாஸ்டரை மலைக்காரர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எப்போது ஓடுவார்கள் என்பதைச் சண்டைக்கு முன்பே எழுதி வையுங்கள். தலைவன் விழுந்தால் ஓட்டம். அல்லது பாதிப் பேர் விழுந்தால் ஓட்டம். ஒரு வரி போதும். நடுச்சண்டையில் முடிவெடுத்தால், ஆட்டக்காரர்கள் மேல் இரக்கப்பட்டு ஓடவிட்டதைப் போல ஆகிவிடும். அவர்களும் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஆபத்தை ஒளித்து வைப்பது

ட்ரோல் என்ற ராட்சதனுக்குத் தன் ஒவ்வொரு முறையிலும் பத்து ஹிட் பாயிண்ட் மீண்டு வளரும். நெருப்போ அமிலமோ பட்டால் அடுத்த முறையில் வளராது. இது தெரியாத ஆட்டக்காரர்கள் சுவரில் முட்டிக்கொள்வார்கள். கேம் மாஸ்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார். இதைச் சவால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சண்டைக்கு முன்பே வழியில், எரிந்த பந்தத்தின் அருகே ஆறாமல் கிடக்கும் ஒரு பச்சைக் கையைக் காட்டுங்கள். வெட்டிய காயம் மூடுவதை முதல் சுற்றிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கண்ணில் படும்படி வைப்பது உங்கள் வேலை.

விழுந்தவனைத் தாக்குவதும் இதே கணக்கில்தான் வரும். நினைவிழந்தவன் பக்கத்தில் நின்று அடிக்கும் அடி விதிப்படி உயிர் காக்கும் பகடையில் இரண்டு தோல்விகளாகும். மூன்று தோல்வி சாவு. இரண்டு அடியில் கதை முடிந்துவிடும். உங்கள் எதிரிகள் அப்படிச் செய்வார்கள் என்றால், ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் மேசையில் நட்பு போகும்.

முறையைப் பறிப்பது

ஆளைக் கல்லாய் நிறுத்தும் மந்திரங்களைக் கேம் மாஸ்டர்களுக்கு மிகவும் பிடிக்கும். ‘ஹோல்ட் பெர்சன்’ பட்டவர் ஒவ்வொரு முறையின் முடிவிலும் பகடை உருட்டி விடுபடப் பார்க்கலாம். மூன்று தடவை சறுக்கினால்? ஐந்து பேர் உள்ள மேசையில் அவர் முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோத்தகிரியிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்தவரை இப்படி உட்கார வைப்பது பாவம். அச்சுறுத்துங்கள், வலையில் சிக்க வையுங்கள். அவற்றில் நகர்வுக்குத்தான் தடை, செயல் மிஞ்சும். கையில் செயல் இருக்கிறவரை ஆள் ஆட்டத்தில் இருக்கிறார்.

உங்கள் பக்கத்துத் தாமதமும் அவர்களின் முறையைத்தான் தின்கிறது. நாலு கோப்ளின்களுக்கும் சேர்த்து ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்று தீர்மானிக்கும் பகடை) உருட்டுங்கள். சேதத்துக்கு நூலில் அச்சிட்டிருக்கும் சராசரியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பகடையைத் திருத்துவது

கேம் மாஸ்டர் தன் பகடையை மறைக்க வைக்கும் திரைக்குப் பின்னால் விழுந்த இருபதைப் பதினொன்று என்று சொல்லும் பழக்கம் பலருக்கும் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருமுறை பிடிபட்டால், அதுவரை வென்ற வெற்றிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நான் திரையே வைப்பதில்லை. மேசை நடுவே உருட்டுகிறேன். சண்டையைத் தணிக்க வேண்டுமென்றால் வேறு பிடிகள் இருக்கின்றன. துணைப்படை ஒரு சுற்று தாமதமாக வரட்டும். எதிரி, கொல்வதற்குப் பதில் பெட்டியோடு ஓடட்டும். தோற்றால் என்ன ஆகும் என்பதற்குச் சாவைத் தவிர இன்னொரு விடை முன்பே தயாராக இருந்தால், பகடையைத் திருத்தும் ஆசையே வராது.

சில்லறை விஷயங்கள் இரண்டு. ஒரு நாளுக்கு ஒரே சண்டை வைத்தால், ஐந்தாம் நிலை மந்திரவாதி முதல் முறையிலேயே நெருப்புக் கோளத்தை வீசுவான். சராசரி 28 சேதம், உங்கள் கோப்ளின்கள் அத்தனையும் கரி. அவன் அதைச் சேமித்து வைக்கத் தயங்க வேண்டுமென்றால், பின்னால் இன்னும் சண்டை வரலாம் என்ற பயம் அவனுக்கு இருக்க வேண்டும். அடுத்தது, குணாதிசயத் தாள்களைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சண்டை பாதியில் நிற்கிறது என்றால் அவசரமாக முடித்து வைக்காதீர்கள். நிறுத்திவிடுங்கள். வரைபடத்தை மேலிருந்து ஒரு படம் எடுங்கள். அடுத்து யார் முறை, யாருக்கு எத்தனை ஹிட் பாயிண்ட், எத்தனையாவது சுற்று என்று ஒரு தாளில் எழுதுங்கள். யார் எந்த மந்திரத்தைக் கவனம் சிதறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் அடுத்த வாரம் எல்லாரும் மறந்திருப்பார்கள். அதை முதல் வரியில் எழுதுங்கள்.