இணையச் செய்தியைச் சாதாரண போனில் ஒலிக்க வைப்பது எப்படி?

ஓர் எண்ணை அழைத்தால் செய்தி ஒலிக்க வேண்டும். அதற்கு வேண்டியவை நான்கு: செய்தித் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய செய்திகளை மென்பொருள் படிக்கும் வடிவில் தரும் பட்டியல்), எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள், ஆஸ்டிரிஸ்க் போன்ற ஐவிஆர் மென்பொருள் (அழைப்பை ஏற்று, பதிவுக் குரலை ஒலித்து, அழுத்தும் எண்ணுக்கேற்ப நடப்பது) போட்ட கணினி, அழைப்பு வந்து சேர ஓர் எஸ்ஐபி இணைப்பு (இணையம் வழியான தொலைபேசி இணைப்பு). செய்தியை முழுதாக வாசிப்பதானால் தளத்தாரிடம் அனுமதியும் வாங்கிவிடுங்கள். இவற்றை இணைப்பது பெரிய பாடில்லை. உயிரை வாங்குவது உரையைச் செப்பனிடும் வேலைதான்.

'ரூ. 2,500 கோடி' என்று அப்படியே கொடுத்தால், சில மென்பொருள்கள் 'ரூ' என்றதும் வாக்கியம் முடிந்ததாக நினைத்து நின்றுவிடும். காற்புள்ளியில் எண்ணை இரண்டாகப் பிளக்கும். 'இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்' என்று முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். 'கி.மீ.' கிலோமீட்டராகட்டும், கோல் கணக்கு '3-1' என்றால் 'மூன்றுக்கு ஒன்று'. 'மேலும் படிக்க', படக்குறிப்பு எல்லாம் வெளியே. பாரிஸுக்கும் பெர்லினுக்கும் தமிழில் ஒரே 'ப'தான்; எங்கே p, எங்கே b என்று எந்திரத்துக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பெயர்களுக்கு ஓர் உச்சரிப்புப் பட்டியல் வைத்து, நாள்தோறும் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

நாலு வரி நீண்டு கடைசியில் 'என்று அமைச்சர் தெரிவித்தார்' என முடியும் வாக்கியம் கண்ணுக்குச் சரி, காதுக்கு ஆகாது. சொன்னவர் யார் என்பதை முதலில் வையுங்கள். ஒரு செய்திக்கு 50 சொல், ஏறக்குறைய அரை நிமிடம். ஒரு தொகுப்பில் ஐந்து செய்தி போதும்.

ஒலிக்கோப்பு 8,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. வழக்கமான தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் மங்கும். ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்பட வேண்டாம், போனிலேயே கேட்டுப் பாருங்கள்.

அழைப்பு வந்த பிறகு பேச்சைத் தயாரித்தால் கேட்பவர் மௌனத்தில் காத்திருப்பார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை முன்பே தயாரித்து வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் மேலேயே எழுதினால் பாதியில் குரல் குழறும். அதே வட்டில் வேறு பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். லினக்ஸில் நடப்பு அழைப்பு பழைய கோப்பையே கேட்டு முடிக்கும்.

மெனுவில் 'விளையாட்டுக்கு எண் 3' என்று பொருள் முன்னால், எண் பின்னால். ஆஸ்டிரிஸ்கில் 'பிளேபேக்' கட்டளை போட்டால் முழுதும் ஒலித்து முடியும் வரை விசை எடுபடாது, 'பேக்கிரவுண்ட்' போடுங்கள். அழுத்தியும் எண் பதிவாகாவிட்டால் டிடிஎம்எஃப் (விசையை அழுத்தும்போது எழும் ஒலி) அமைப்பைப் பாருங்கள்: ஜி.729 போன்ற குரல் சுருக்க முறையில் விசை ஒலி சிதைந்துவிடும், விசையை ஒலியாக அல்லாமல் தனித் தகவலாக அனுப்பும் ஆர்எஃப்சி 4733 முறைக்கு மாற்றுங்கள்.

ஒரே நேரத்தில் 30 அழைப்பை ஏற்கும் 30 தடம், அழைப்புக்கு 4 நிமிடம் என்றால் மணிக்கு 450 அழைப்புதான் உச்சம். காலை நெரிசலில் அதுவும் கிடைக்காது. மிஸ்டு கால் வாங்கித் திரும்ப அழைத்தால் நெரிசலைப் பரவலாக்கலாம், ஆனால் செலவு உங்கள் தலையில். ஒரே எண் பத்து நிமிடத்துக்குள் மறுபடி மிஸ்டு கால் கொடுத்தால் ஒதுக்கிவிடுங்கள்.