துப்பாக்கிக்குப் புதுப் பூச்சு: கடையில் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் துப்பாக்கிக்குச் செராகோட் என்னும் பீங்கான் கலந்த பூச்சு போடுவதும், உருமறைப்பு வண்ணம் ஏற்றுவதும், பெயர் செதுக்குவதும் சர்வசாதாரணம். அதனாலேயே பலர் இதைக் காருக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பது போல நினைத்துக்கொள்கிறார்கள். நடுவண் சட்டம் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. (நியூயார்க் நகரம் கவலைப்படுகிறது. துப்பாக்கியைப் பொம்மை போலக் காட்டும் பளிச் நிறங்களுக்கு அங்கே தடை உண்டு.) துப்பாக்கி இப்போது யார் கையில் இருக்கிறது, அது எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்பதுதான் சட்டத்தின் கேள்வி.

முதல் தவறு, உரிமம் இல்லாத கடையில் கொடுப்பது. மோட்டார் சைக்கிள் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் போடுபவரிடமும் உலை இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது. ஆனால் துப்பாக்கிக்கு வண்ணம் ஏற்றுவதையோ செதுக்குவதையோ தொழிலாகச் செய்பவர் நடுவண் துப்பாக்கி உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் நடுவண் அமைப்பான ஏடிஎஃப் 2009-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. உரிமத்தின் நகலைக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சொந்தத் துப்பாக்கிக்கு நீங்களே வீட்டில் பூச்சு போட்டுக்கொள்ள உரிமம் எதுவும் தேவையில்லை. அதற்காக வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து வேலை வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். உரிமம் இல்லாத இருவருக்கிடையே மாநிலம் தாண்டித் துப்பாக்கி கைமாறுவது நடுவண் சட்டப்படி குற்றம்.

இன்னொரு விஷயம் தெரிந்தால் பாதித் தலைவலி குறையும். சட்டத்தின் கண்ணில் ஃபிரேம் அல்லது ரிசீவர், அதாவது மற்ற பாகங்கள் பொருந்தும் அடிப்படை உடல்தான் துப்பாக்கி. ஸ்லைடு (கைத்துப்பாக்கியின் மேலே நகரும் பகுதி), பேரல் (குழல்), மேகசின் (தோட்டாப் பெட்டி) எல்லாம் வெறும் பாகங்கள். ஏஆர்-15 ரைஃபிள் என்றால் கீழ் ரிசீவர்தான் கணக்கு. சிக் பி320 கைத்துப்பாக்கி என்றால் உள்ளே இருக்கும் சிறிய உலோகக் கட்டமைப்புதான். கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் பகுதி அல்ல. ஸ்லைடுக்கு மட்டும் நிறம் வேண்டும் என்பவர் முழுக் கைத்துப்பாக்கியையும் கொண்டுபோய்க் கொடுப்பது வீண் வேலை. கழற்றி ஸ்லைடை மட்டும் கொடுத்தால் நடுவண் சட்டத்தில் பதிவேட்டுப் பேச்சே வராது. வெடிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் மட்டும் இதில் சேராது. அதைச் சட்டம் துப்பாக்கியாகவே பார்க்கிறது.

முழுத் துப்பாக்கியையும் கொடுத்தால்? அன்றே வேலை முடிந்து அன்றே திரும்பக் கைக்கு வந்துவிட்டால் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. இரவு கடையில் தங்கினால் எழுதியே ஆக வேண்டும். பூச்சை உலையில் வைத்து இறுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் தங்கத்தான் செய்யும். அப்போது பெயர், முகவரி கேட்டால் முறைத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் அவரைக் கேட்கச் சொல்கிறது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது திரும்ப வாங்கும்போதுதான். கொடுத்தவரே வந்து வாங்கினால், கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் படிவம் 4473-உம் தேவையில்லை, பின்னணிச் சோதனையும் தேவையில்லை. "எனக்கு வேலை இருக்கிறது, நீ போய் வாங்கி வா" என்று மனைவியையோ தம்பியையோ அனுப்பினால் கதையே வேறு. வருபவர் படிவத்தை நிரப்பி, சோதனையில் தேற வேண்டும். பழுது பார்த்த துப்பாக்கியை இன்னொருவருக்காக வாங்க வருபவரை மனத்தில் வைத்து அந்தப் படிவத்தில் 'நீங்கள்தான் உண்மையில் வாங்குபவரா' என்ற கேள்விக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் படிக்காமல் அவசரத்தில் பொய்யாக எதையாவது எழுதிவைத்தால் அது தனிக் குற்றம். யார் கொடுக்கிறாரோ அவரே போய் வாங்குவதுதான் நிம்மதி.

அப்புறம் வரிசை எண். எனக்கு இதுதான் மிகப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது, ஏனென்றால் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பூச்சு ஒட்டுவதற்காக உலோகத்தின் மீது முதலில் துகள்களைப் பீய்ச்சி அடிப்பார்கள். இன்றைய விதிப்படி தயாரிப்பாளர் எண்ணைச் செதுக்க வேண்டிய குறைந்தபட்ச ஆழம் 0.003 அங்குலம்தான். பழைய துப்பாக்கியில் தேய்ந்து இன்னும் குறைவாக இருக்கலாம். அழுத்திப் பீய்ச்சினாலோ, மேலே தடிமனாகப் பூசினாலோ எண் மங்கிவிடும். எண் அழிந்தது அல்லது மாற்றப்பட்டது என்று தெரிந்தே துப்பாக்கியை வைத்திருப்பதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. எனவே எண் இருக்கும் இடத்தை மறைத்துவிட்டுப் பீய்ச்சும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். கொடுக்கும் முன் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கடையிலேயே நின்று படித்துப் பாருங்கள்.

தொலைவில் உள்ள கடைக்கு அனுப்புவதை நடுவண் சட்டம் அனுமதிக்கிறது. வேலை முடிந்ததும் கடை உங்களுக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம். சிக்கல் கூரியரில்தான். யூபிஎஸ், ஃபெடெக்ஸ் போன்ற கூரியர் நிறுவனங்கள் உரிமம் இல்லாத தனிநபரிடம் துப்பாக்கிப் பார்சல் வாங்க மறுக்கலாம். உள்ளூர்த் துப்பாக்கிக் கடைக்குக் கட்டணம் கொடுத்து அவர்கள் வழியாக அனுப்புங்கள். பொய் சொல்லிப் பார்சல் போடுவது மட்டும் வேண்டாம்.

சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள் போன்ற, நடுவண் அரசிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய ஆயுதங்களைப் பழுதுவேலைக்குக் கொடுப்பதை ஏடிஎஃப் உரிமை மாற்றமாகக் கருதுவதில்லை. இருந்தும் வரியில்லாக் கைமாற்றத்துக்கான விண்ணப்பமான படிவம் 5-ஐத் தாக்கல் செய்துவிடுவது நல்லது என்பதே அதன் ஆலோசனை. அனுமதிப் பத்திரத்தின் நகலும் ஆயுதத்தோடு போகட்டும். குட்டைக் குழல் ரைஃபிளை நீங்களே மாநிலம் தாண்டி எடுத்துச் சென்று கொடுப்பதாக இருந்தால் அதற்கு ஏடிஎஃப்பின் முன்னனுமதி வேண்டும். சைலன்சருக்கு அது தேவையில்லை. ஆனால் போகிற மாநிலத்தில் அது தடை செய்யப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.