பழங்குடி நிலத்தில் திட்டங்கள்: எங்கே தவறு நடக்கிறது?

வளர்ச்சியா, காடா, பழங்குடி மக்களா என்று எதிரெதிரே நிறுத்தி வாதிடும்போது, யாரை எப்போது கேட்பது என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. பெரும்பாலான திட்டங்கள் சிக்கலில் மாட்டுவது அங்கேதான். எல்லாம் முடிவான பிறகு மக்களிடம் போய்க் கேட்டால், அவர்கள் என்ன சொன்னாலும் யாருக்காவது பெரிய இழப்பு நிச்சயம்.

ஒடிசாவின் நியமகிரியைப் பாருங்கள். மலை உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. அதை நம்பி அடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனம் அலுமினா ஆலையைக் கட்டி, 2007-ல் உற்பத்தியையும் தொடங்கிவிட்டது. மலையைத் தோண்டவோ இறுதி அனுமதி வரவில்லை. அங்கு வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு அந்த மலை அவர்களுடைய தெய்வம் நியமராஜா குடியிருக்கும் இடம். அவர்களுடைய தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது: உச்சிப் பாறை மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. தாது கிடைக்காமல் 2012 இறுதியில் ஆலையைச் சில மாதங்கள் மூட வேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்தது. முதலிலேயே கேட்டிருந்தால் மலைக்கும் நிம்மதி, முதலீட்டுக்கும் நல்லது.

அடுத்த தவறு, அனுமதிக் காகிதம் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பது. ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் பாறைக் குகைகளைத் தகர்க்க ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் 2013-லேயே சட்டப்படி ஒப்புதல் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு நடந்த அகழாய்வில் 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கிய தடயங்களும், மனித முடியால் பின்னப்பட்ட 4,000 ஆண்டுப் பழமையான கச்சையின் துண்டும் கிடைத்தன. அதன்பிறகும் பழைய ஒப்புதல் அப்படியே நின்றது. 2020 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி பதவி இழந்தார், நாடாளுமன்ற விசாரணை நடந்தது. குகை போனது போனதுதான். புதிய தகவல் வந்தால் ஒப்புதலை மறுபடி பார்க்க வழி இருந்தே ஆக வேண்டும்.

கருத்துக் கேட்பும் பல இடங்களில் சடங்காகிவிடுகிறது. பல நூறு பக்க அறிக்கை மக்கள் படிக்க முடியாத மொழியில் இருக்கும். கூட்டம் அறுவடை நாளில் வரும். ஊர்த்தலைவர் ஒருவர் தலையாட்டினால் ஊரே சம்மதித்ததாக எழுதிவிடுவார்கள். விறகும் கிழங்கும் தேனும் காட்டில் எங்கே கிடைக்கும் என்று அறிந்த பெண்கள் அந்தக் கூட்டத்திலேயே இருக்க மாட்டார்கள். இந்தியாவின் வன உரிமைச் சட்ட விதிகள், கிராம சபையில் பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்வது சும்மா இல்லை.

'இது பசுமைத் திட்டம்தானே' என்ற துணிச்சலும் ஆபத்து. நார்வேயின் ஃபோசன் பகுதியில் 151 காற்றாலைகள் எழுந்தன. அந்நாட்டுப் பழங்குடிகளான 'சாமி' இன மக்கள் பனிமான் மேய்க்கும் குளிர்கால நிலம் அது. காற்றாலைகளுக்கான உரிமம் செல்லாது என்று 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் காற்றாலைகள் ஓடத் தொடங்கியிருந்தன. தீர்ப்பு வந்த பின்னும் அவை நிற்கவில்லை.

சூழலைக் காக்கப் புறப்பட்டவர்கள் செய்யும் தவறு எனக்கு இதைவிட வருத்தம் தருகிறது. ஆட்களை வெளியேற்றினால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் மக்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பார்கள். தீ தரையோடு ஓடி அணைந்துவிடும், பெரிய மரங்களுக்குச் சேதம் வராது. 1974-ல் அந்தக் காடு சரணாலயமானது, தீ வைப்பது தடையானது. அப்புறம் உண்ணிச்செடி புதர்புதராகப் பரவி மண்டிவிட்டது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் இந்தத் தடைதான் காரணம் என்கிறார்கள் சோலிகர்கள். 2011-ல் புலிகள் காப்பகமான அதே ஆண்டில் அவர்களுடைய சமூக வன உரிமையும், அதாவது காட்டின் மீது சமூகமாகச் சேர்ந்து கொண்டிருக்கும் உரிமையும், அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி அங்கீகாரம் கிடைத்தது இந்தியாவில் அதுவே முதல்முறை.

இழப்பீட்டுக் கணக்கிலும் ஓட்டை உண்டு. பட்டா இருப்பவருக்குப் பணம் கிடைக்கிறது. பொதுக்காட்டை நம்பி வாழ்கிறவர், பட்டா இல்லாததால், பட்டியலிலேயே வருவதில்லை. வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறெங்கோ தேக்கையும் யூகலிப்டஸையும் வரிசையாக நட்டால், இலுப்பைப் பூவும் தேனும் அவர் வீட்டுக்குத் திரும்ப வரப்போவதில்லை.

உரிமையை முதலில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா கிராமம் இருக்கிறது. 2009-ல் அதன் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. 2011 முதல் மூங்கிலை வெட்டி விற்கும் உரிமையும் கிராம சபையின் கைக்கு வந்தது. ஏலம் விட்டது சபை, வருமானத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்ததும் சபைதான்.