ரைசன் 5 3600 பிராசசரை ஓவர்கிளாக் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஎம்டி நிறுவனம் 2019 ஜூலையில் வெளியிட்ட ரைசன் 5 3600, பெருக்கி (வேகத்தை நிர்ணயிக்கும் எண்) பூட்டப்படாத ஆறு கோர் பிராசசர் என்பதால், சிக்கனமாகக் கணினி கட்டுவோர் பலர் ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, பார்த்தது இதைத்தான். பிராசசர் இடம் கொடுத்தாலும் மதர்போர்டும் இடம் கொடுக்க வேண்டும்: பி450 சிப்செட்டில் வேகத்தை உயர்த்தலாம், விலை குறைவென்று ஏ320 வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை.

பலரும் சறுக்குவது வோல்டேஜில். எந்த அமைப்பையும் மாற்றாத நிலையிலேயே இந்தப் பிராசசர் சில நேரங்களில் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும்; அதைப் பார்த்து, "நிறுவனமே இவ்வளவு கொடுக்கிறதே" என்று பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) 1.4 வோல்ட்டை நிலையாகப் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த உயர்ந்த வோல்டேஜ், ஓரிரு கோர்கள் மட்டும் குறைந்த மின்னோட்டத்தில் சிறிது நேரம் வேகமெடுப்பதற்கானது. ஆறு கோர்களுக்கும் முழுச் சுமை ஏறியதும் பிராசசர் தானாகவே அதைக் குறைத்துக்கொள்ளும். கையால் நிலைநிறுத்திய வோல்டேஜில் இந்தத் தற்காப்பு இல்லாமல் போவதால், கணினி உடனே பழுதாகாவிட்டாலும், சிலிக்கான் மெல்லத் தேய்ந்து, சில மாதங்களுக்குப் பின் அதே வேகத்துக்கு இன்னும் அதிக வோல்டேஜ் கேட்கத் தொடங்கலாம். வோல்டேஜை "ஆட்டோ"வில் விட்டுவிடுவதும் நல்லதல்ல; சில மதர்போர்டுகள் தேவைக்கு மிஞ்சியே கொடுக்கும்.

வெப்பக் கணக்கும் இதனோடு சேர்ந்ததே. மின்நுகர்வு ஏறத்தாழ வோல்டேஜின் வர்க்கத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப உயர்கிறது, 1.2 வோல்ட்டில் 4.0 கிகாஹெர்ட்ஸ் ஓடியதை 1.35 வோல்ட்டில் 4.2 ஆக்கினால், 5 சதவீத வேகத்துக்காக மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மின்சாரம் செலவாகும். பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் என்ற சிறிய கூலர் இதைத் தாங்குமென்று நம்பி இறங்குவது வீண். இந்தப் பிராசசரின் வெப்ப வரம்பு 95 டிகிரி. கோடை நாளில் குளிரூட்டப்படாத அறையில் அதற்கான இடைவெளி மேலும் சுருங்கும்.

பிராசசர் வேகத்தையும் ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் ஒரே நாளில் மாற்றினால், கணினி தடுமாறும்போது குற்றவாளி எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மாற்றி, சோதித்து, குறித்து வைத்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஒருமுறை ஓடி முடிந்ததை நிலைத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதும் அவசரமே. பிரைம்95 போன்ற கடும் சோதனையைச் சில மணி நேரமாவது ஓட்ட வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் வியா (WHEA) எனப்படும் வன்பொருள் பிழைகள் பதிவாகியிருந்தால், திரை உறையாவிட்டாலும் அந்த அமைப்பு நிலையற்றதே. ஓவர்கிளாக்கால் நேர்ந்த சேதத்துக்கு ஏஎம்டியின் உத்தரவாதம் பொருந்தாது என்பதையும் தொடங்குமுன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லாக் கோர்களையும் 4.1 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தியவர், ஒற்றைக் கோரில் 4.2 வரை செல்லும் இயல்பான பூஸ்டை இழக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீடியோ ரெண்டரிங் செய்பவருக்கு அந்த மாற்றம் லாபமாகலாம். ஓரிரு கோர்களையே பெரிதும் நம்பியிருக்கும் பழைய விளையாட்டுகளை ஆடுபவருக்கு அது நஷ்டமாகவே முடியும்.