மட்காத எருவைத் தோட்டத்தில் போடாதீர்கள்

எருக் குப்பை அடித்த தோட்டத்திலும் நாற்று வெளுத்துப்போய் நிற்கிறதா? உரம் போதவில்லை என்று யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன், போட்ட எரு மட்கியதுதானா என்று பாருங்கள்.

குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது. சாணி வாடை போய் மண் வாசம் வரவேண்டும். வைக்கோல் வைக்கோலாகவே கையில் வந்தால் அது இன்னும் எரு ஆகவில்லை. அதைப் போட்டால், வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடியின் அடியிலை மஞ்சளாகும். களை விதையும் வேரைக் கடிக்கும் வெள்ளைப்புழுவும் கூடவே வந்து சேரும். மட்காத எரு போட்ட பாத்தியில் கேரட்டும் முள்ளங்கியும் கிழங்கு பிளந்து கவட்டை விடும், விலை போகாது.

தென்னை நார்க்கழிவு இன்னும் மோசம். பச்சையாக இருக்கும்போது அதில் கரிமம் (கார்பன்) தழைச்சத்தைப்போல 100 மடங்குக்கும் மேல்; அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். சிப்பிக்காளான் வித்து தூவி மட்கவைத்தால் 25 மடங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதன் பிறகே தோட்டத்துக்கு.

நன்றாக மட்கிய எருவையும் வீணாக்குகிறோம். வயலில் சிறு சிறு குவியலாகக் கொட்டி, ஆள் கிடைக்கும்வரை வெயிலில் விட்டுவிடுகிறோம். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மழை பெய்தால் சாறு அங்கேயே இறங்கிவிடும். குவியல் கிடந்த இடத்தில் மட்டும் பயிர் கருகருவென்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டிய அன்றே இறைத்து உழுதுவிடுங்கள்.

பஞ்சகவ்யம் தெளிக்கிறோமே, எரு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி கலந்து தெளிப்பது பயிருக்கு ஊக்கம் தரும், சரி. ஆனால் தக்காளிக்கும் கத்தரிக்கும் ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் சொல்வது மண்ணில் அங்ககப் பொருள் சேர்வதற்காக. அந்த வேலையைத் தெளிப்பு செய்யாது. மாடு இல்லாதவர்கள் பசுந்தாள் உரப் பயிரான சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். தண்டில் நார் ஏறவிட்டால் மட்க நாளாகும். உழுத மறுநாளே நாற்று நடுவதும் தவறு.

அப்புறம் நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா, தழைச்சத்து தரும் நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லம் எல்லாம் உயிருள்ளவை. அவற்றை வெயிலில் வைக்காதீர்கள், யூரியாவோடோ பூஞ்சாணக்கொல்லியோடோ கலக்காதீர்கள். மட்கிய எருவில் கலந்து, ஈரமுள்ள மண்ணில், மாலையில் இடுங்கள்.

அடுப்புச் சாம்பலைக் கொட்டுமுன் மண் பரிசோதனை அட்டையைப் பாருங்கள். கார அமில நிலை (pH) 8-ஐத் தாண்டிய மண்ணுக்குச் சாம்பல் வேண்டாம்.